பிழை பிள்ளையினது அன்று

(இளைஞர் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பை அறிவித்தவுடன் முன்வரிசையில் சிலர் முகம் சுருங்கியதைக் கண்டேன். வீடியோ கேம் என்று நம் பிள்ளைகள் சொல்லும் திரையாட்டத்தைப் பற்றியது இவ்வுரை. அதிலும், முப்பது நாற்பது ஆண்டுகட்கு முன் வந்து மறைந்த பழைய ஆட்டங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒருவர் இணையத்தில் ஏசுவதையும், அதனைப் பல இலக்கம் மக்கள் கண்டு சிரிப்பதையும் பற்றியது. 'இதில் பேச என்ன இருக்கிறது?' என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். இருக்கிறது என்று இப்பொழுது சொல்கிறேன். பிள்ளைகள் மணிக்கணக்கில் கண்டு சிரிக்கும் ஒன்றைப் பெற்றோர் பாராமலே பழிக்கிறார்கள். இளையோர் ஆராயாமலே புகழ்கிறார்கள். இரண்டையும் விட்டுச் சற்று நின்று பார்ப்போம்.

ஆளை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தில் 1980-இல் பிறந்தவர் சேம்சு உரோல்பு. சிறு அகவை முதலே திரைப்படம் எடுப்பதில் பித்துக் கொண்டவர். 2004-இல் தம் நண்பர்கள் கண்டு சிரிப்பதற்கென்று சில மணித்துளிகளே ஓடும் ஒரு படம் எடுத்தார். 'காசில்வேனியா 2' என்னும் பழைய ஆட்டத்தை ஆடிக்காட்டி, அதன் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் சினம் ஏறி ஏசுவதே அப்படம். 2006-இல் அது யூடியூபு தளத்தில் ஏறியது, பரவியது, தொடராக வளர்ந்தது. முதலில் நிண்டெண்டோ நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்த அத்தொடர், அந்நிறுவனத்தோடு வழக்கு வரலாகாதென்று, 'சினங்கொண்ட திரையாட்டப் பித்தன்' என்று பொருள்படும் பெயருக்கு மாறியது. வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் எழுதுகோல்கள், மூக்குக் கண்ணாடி, கையில் மதுப்புட்டி, இதுதான் கோலம். உரோல்பு வேறு, பித்தன் வேறு. பித்தன் அவர் பூண்ட வேடம். இதனை மறவாமல் கேட்க வேண்டுகிறேன்.

அந்த முதற்படத்தில் அவர் எதைக் கண்டு சினந்தார்? ஆட்டத்தில் பகலும் இரவும் மாறி மாறி வரும். நன்று. ஆனால் ஒவ்வொரு முறை மாறும்போதும் ஆட்டம் நின்றுவிடும்; திரையில் ஒரு கட்டம் தோன்றும்; அதில் எழுத்துகள் நத்தை ஊர்வதுபோல் ஒவ்வொன்றாக ஊர்ந்து வரும். அது முடியும்வரை ஆடுகிறவன் கைகட்டி நிற்க வேண்டும். இரவானால் ஊரார் வீட்டுக்குள் போய்விடுவர், கடையும் இராது. பகலில் வழி கேட்டால், குன்றில் தலையால் முட்டித் துளை செய் என்பார் ஒருவர். இடுகாட்டு வாத்தினிடம் பட்டுப் பை வாங்கிக்கொள் என்பார் மற்றொருவர். இடுகாட்டில் வாத்தே இல்லை! உண்மையில் அக்குன்றின் அடியில் செந்நிறப் பளிங்கை வைத்துக்கொண்டு மண்டியிட்டுக் காத்திருக்க வேண்டும். சுழற்காற்று வந்து தூக்கிச் செல்லும். இதனை எந்தச் சிறுவன் தானே கண்டுபிடிப்பான்?

நகை பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் நான்கைச் சொன்னார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பிறரை எள்ளுவதாலும், பிள்ளைத்தன்மையாலும், அறியாமையாலும், சொன்னதை ஓராது அப்படியே கொள்வதாலும் சிரிப்பு வரும் என்பது மெய்ப்பாட்டியல். இந்தப் பித்தனின் படங்களில் நான்கும் ஒருங்கே இருக்கின்றன. ஆட்டத்தை எள்ளுகிறான். வளர்ந்த ஆள் சிறுவனைப்போல் முரண்டு பிடிக்கிறான். குன்றில் முட்டு என்றால் முட்டிப் பார்க்கிறான். நான்கும் சேர்ந்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? ஆனால் சிரிப்பு மட்டும் இருந்திருந்தால் இத்தனை ஆண்டு நின்றிராது. உள்ளே ஒரு புண் இருக்கிறது.

அந்தப் புண் யாது? நிண்டெண்டோவின் ஆட்டப்பொறி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1985-இல். அதில் செருகும் ஆட்டப்பேழை ஒன்றின் விலை நாற்பது ஐம்பது தாலர். (நம் ஊர்ப் பிள்ளைகள் அதைக் கேசட்டு என்றார்கள், நானும் இனி அப்படியே சொல்கிறேன், உங்களுக்கு விளங்கினால் போதும்.) எளிய வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாளுக்கு ஒன்று, கிறித்துமசுக்கு ஒன்று கிடைக்கும். வாங்குமுன் ஆடிப்பார்க்கும் வாய்ப்பு எல்லார்க்கும் இல்லை. பெட்டியின் மேல் வரைந்த படம்தான் சான்று. அப்படத்தில் வாளும் தீயும் பறக்கும். உள்ளே திரையில் நான்கு சதுரங்கள் நகரும். பிடிக்கவில்லை என்று மாற்ற முடியாது. அந்த ஒரே ஆட்டத்தை அப்பிள்ளை ஆண்டு முழுதும் ஆடியாக வேண்டும். ஆடித் தோற்றால் யாரை நொந்துகொள்ளும்? தன்னைத்தான். 'எனக்குக் கைத்திறம் போதவில்லை, எனக்கு அறிவு போதவில்லை' என்று எண்ணிக்கொண்டு உறங்கப் போகும். இருபது ஆண்டு கழித்து, மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவன் வந்து, 'பிழை உன்னுடையது அன்று. செய்தவன் ஒழுங்காகச் செய்யவில்லை. விற்றவன் உன்னை ஏமாற்றினான்' என்று உரக்கச் சொல்கிறான். கேட்கிறவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பில் ஒரு விடுதலை இருக்கிறது.

இதை நான் நூலில் படித்துச் சொல்லவில்லை. 1990-களில் என் மகனுக்கு ஒன்பது அகவை இருக்கும்போது, பக்கத்து நகரக் கடையொன்றில், சப்பானியப் பொறியைப் பார்த்துச் செய்த போலிப் பொறி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கூடக் கொடுத்த கேசட்டின் மேல் 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருந்தது. என் மகன் இரண்டு நாள் அமர்ந்து ஆடிவிட்டு வந்து, "அப்பா, நாற்பதாவது ஆட்டமும் முதல் ஆட்டமும் ஒன்றாகவே இருக்கிறது" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ ஒழுங்காகத் தேடவில்லை" என்றேன். அவன் மறுபடியும் தேடினான். விடுமுறை முழுதும் தேடினான். ஒரு தாளில் எண் போட்டு எழுதி வைத்துக்கொண்டு தேடினான். உள்ளே இருந்தவை ஒரு கைப்பிடி ஆட்டங்கள். அவையே பெயரும் எண்ணும் மாறி மாறி வந்தன. கடைக்காரனைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. வளர்ந்து வேலைக்குப் போனபின் அவன்தான் இந்த உரோல்பின் படங்களை எனக்குக் காட்டினான். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாள்தான் கண்முன் வந்தது.

ஆகலின் இத்திறனாய்வுகளை வெற்றுக் கூத்து என்று தள்ள நான் ஒருப்படேன். ஆயினும் இவற்றுக்கு ஓர் எல்லை உண்டு; அதையும் மறைக்க மாட்டேன்.

சினம் கண்ணுக்குத் தெரிகிற பெயரைத்தான் அடிக்கும். பித்தனின் பெரும்பகை எல்.சே.என். என்னும் நிறுவனம். நியூயார்க்கைச் சேர்ந்த விளையாட்டுப் பொருள் நிறுவனம் அது. புகழ்பெற்ற திரைப்படங்களின் பெயரில் ஆட்டங்கள் வெளியிட்டது. அப்பெயரைக் கண்டாலே பித்தன் பொங்கி எழுவான். பார்க்கிறவர்களும் சேர்ந்து பொங்குவார்கள். ஆனால் எல்.சே.என். அந்த ஆட்டங்களைச் செய்யவில்லை, வெளியிட்டது அவ்வளவே. 'கராத்தே கிட்' ஆட்டத்தைச் செய்தது சப்பானின் அட்லசு. 'ரோசர் ராபிட்' ஆட்டத்தைச் செய்தது இங்கிலாந்தின் இரேர். இதே இரேர்தான் 1994-இல் 'டாங்கி காங் கன்றி'யையும் 1997-இல் 'கோல்டன் ஐ'யையும் செய்து உலகப் புகழ் பெற்றது. திறமை இல்லாதவர்களா அவர்கள்? அல்லர். அப்படியானால் அந்தப் பழைய ஆட்டம் ஏன் அப்படி வந்தது? உரிமைக்குக் கொடுத்த பணம் எவ்வளவு, செய்வதற்குக் கொடுத்த நாள் எவ்வளவு, யார் யாரை விரட்டினார்கள்? இந்த வினாக்களை ஏச்சு கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பு நின்றுபோகும். பெட்டியில் பெயர் போட்டுக்கொண்டவன் பொறுப்பேற்கத்தான் வேண்டும் என்று சொல்வீர்கள். சரிதான். ஆனால் அது பாதி வழி.

முன்சொன்ன வாத்துக்கே வருவோம். மொழிப்பற்றுடைய நமக்கு அந்த இடத்தில் காது நிமிர வேண்டும். ஊரார் சிலர் பொய் சொல்வர் என்பது சப்பானிய மூலத்திலேயே வேண்டுமென்று அமைத்த ஒன்று. ஆங்கிலத்திற்குப் பெயர்த்தபோது சொற்கள் குழம்பின. எது வேண்டுமென்று சொன்ன பொய், எது பெயர்த்தவனின் பிழை என்று பிரிக்கவொண்ணாதபடி ஆயிற்று. அமெரிக்கச் சிறுவன் முட்டி மோதியது குன்றின் மேல் மட்டுமன்று, ஒரு கெட்ட மொழிபெயர்ப்பின் மேலும்தான்! இதை விரித்துச் சொன்னால் எவ்வளவு சுவையான செய்தி. பித்தன் சிரித்துவிட்டு அடுத்த குறைக்குப் போய்விடுகிறான்.

இன்னொன்று கேளுங்கள். 1982-இல் சுடீவன் சுபீல்பெர்க்கின் 'ஈ.டி.' திரைப்படம் வெளிவந்து எங்கும் ஓடியது. அட்டாரி நிறுவனம் பெரும்பொருள் கொடுத்து ஆட்ட உரிமையை வாங்கியது. உரிமை கைக்கு வந்தது சூலைத் திங்கள் முடிவில். கிறித்துமசுக்குள் கடைக்கு வந்தாக வேண்டும் என்றார்கள். பல திங்கள் செய்ய வேண்டிய வேலையை அவார்டு சுகாட்டு வார்சா என்பவர் ஏறத்தாழ ஐந்து கிழமையில் நிரல் எழுதி முடித்தார். அதே ஆண்டில் வெளிவந்து பலரும் புகழ்ந்த 'யார்சு இரெவெஞ்சு' ஆட்டமும் அவர் எழுதியதுதான். ஈ.டி. ஆட்டத்தில் அந்தச் சின்னஞ்சிறு உருவம் குழியில் விழும், எழும், மறுபடியும் விழும். இலக்கக்கணக்கில் அடித்து வைத்த கேசட்டுகள் தேங்கின. 1983-இல் நியூ மெக்சிகோ மாநிலத்து ஆலமகோர்டோ ஊரின் குப்பைமேட்டில் அட்டாரி தன் சரக்கைக் கொட்டிப் புதைத்தது. அன்று முதல் உலகிலேயே மிகக் கெட்ட ஆட்டம் இதுவே, ஒரு நிறுவனத்தைக் கொன்ற ஆட்டம் இதுவே என்று ஏசாத வாய் இல்லை. 2014 ஏப்பிரலில் அந்த மேட்டைத் தோண்டினார்கள். ஈ.டி. இருந்தது. கூடவே நன்றாக விற்ற வேறு பல ஆட்டங்களும் புதைந்து கிடந்தன! விற்காத ஒன்றை மட்டும் வெட்கப்பட்டு மறைத்தார்கள் என்ற கதை அங்கே உடைந்தது. வார்சா பின்னாளில் உளநல மருத்துவம் பயின்று, பிறர் மனக்குறை கேட்கும் தொழிலுக்குப் போய்விட்டார். அதே 2014-இல் உரோல்பு தம் பித்தனை வைத்து எடுத்த முழுநீளத் திரைப்படமும் இந்தப் புதையலைச் சுற்றியதே.

உரோல்புக்கே இவ்வெல்லை தெரியும் என்பது என் எண்ணம். 2004-இல் அவர் ஏசிய இரண்டாம் ஆட்டம் 'செக்கில்–ஐடு' கதையைத் தழுவியது. நல்லவனாக நடக்கிறவன் அடிபட்டு அடிபட்டுத் தீயவனாக மாறுவான்; தீயவன் முந்திச் சென்று நல்லவன் நின்ற இடத்தை அடைந்துவிட்டால் சாவு. 2010-இல் அதே ஆட்டத்தை மறுபடி எடுத்து, அதற்குள் நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் போரைத் தேடினார். ஏசியவரே திரும்பி வந்து பொருள் தேடிய அந்தப் படம் எனக்குப் பிடித்தது. ஆயினும் கூட்டம் கேட்பது சினத்தைத்தான். சினமே விற்பனைப் பண்டமாகிவிட்டால், சினம் வராத நாளிலும் சினந்தாக வேண்டும். இல்லாத குறையைப் பெருக்க வேண்டும். வசையின் மேல் வசை அடுக்க வேண்டும். இடக்கரடக்கலைத் தகுதி வழக்கில் வைத்த நன்னூலார் பிறந்த மண்ணில் நின்றுகொண்டு, அந்த மலமும் கழிவும் சேர்ந்த ஏச்சுகளை நான் இங்கே எடுத்துச் சொல்ல மாட்டேன். நாணத்தால் மட்டுமன்று, முதல் முறை சிரிப்பு வந்தது, பத்தாம் முறை அலுத்தது.

இன்னொரு வழியும் உண்டு. சப்பானில் 2003 முதல் 'கேம் சென்டர் சிஎக்சு' என்றொரு தொலைக்காட்சித் தொடர் ஓடுகிறது. இணையத்தில் பிறந்ததன்று, ஆனாலும் ஒப்பிடத் தக்கது. அரினோ சின்யா என்னும் நகைச்சுவைக் கலைஞர் அலுவலக உடை போட்டுக்கொண்டு பழைய ஆட்டம் ஒன்றை முடித்துக் காட்ட அமர்வார். பெரிய திறமைக்காரர் அல்லர். மணிக்கணக்கில் தோற்பார், உதவியாளர் வந்து கைகொடுப்பார், சில நாள் தோற்றே எழுவார். அங்கே சிரிப்பு ஆடுகிறவன் மேல் விழுகிறது, செய்தவன் மேல் அன்று. தொடக்க நாள்களில் அந்த ஆட்டங்களைச் செய்தவர்களையே தேடிப் போய் உரையாடினார். எனக்கு இதுவே மேலானதாகப் படுகிறது. என் மகன் ஒப்பவில்லை. "ஏமாந்த பிள்ளைக்கு ஏசத்தான் வேண்டும் அப்பா" என்கிறான். ஏமாந்தவன் அவன், நான் வாதாடவில்லை.

கூட்டம் தொடங்குமுன் ஓர் இளைஞர் என்னிடம், "இதைப்போல் தமிழிலும் நாம் செய்யலாமா ஐயா?" என்று கேட்டார். செய்யுங்கள். ஆனால் காசில்வேனியாவை எடுத்துக்கொண்டு அமெரிக்கச் சிறுவனின் சினத்தைக் கடன் வாங்கிச் சினக்க வேண்டா. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் கைதொட்டது அந்தக் கேசட்டை அன்று. 9999 என்று பொய் எண் போட்ட கேசட்டை. அதைச் செய்தவன் பெயர் அதன்மேல் இல்லை. எங்கே செய்தார்கள், யார் வழியாக நம் கடைக்கு வந்தது, அந்த எண்ணை அச்சிடச் சொன்னவன் யார்? அதைத் தேடிச் சொல்லுங்கள். நடுநடுவே சிரிக்கவும் வையுங்கள். என் மகன் வாங்கிய அந்தக் கேசட்டு இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. எண் எழுதிய தாளும் பெட்டிக்குள் மடித்தபடியே இருக்கிறது. வேண்டியவர் வந்து வாங்கிக் கொள்ளலாம்.