சூப்பர் பஜாரும் நாமும்

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

நாங்கள் புலமை உடையோம் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராகக் கோப்புக் கட்டுகின்றவர்கள். சென்ற திங்கள் இம்மேடையில் நின்ற அறிஞர், மதுரைக்காஞ்சி காட்டும் நாளங்காடியையும் அல்லங்காடியையும் பற்றி இரண்டு மணி நேரம் தேன்மழை பொழிந்தார். நாங்கள் பேச வந்த அங்காடியோ கனாட் பிளேஸின் வெளிவட்டச் சாலையில் இருந்தது. அதற்கு ஈராயிரம் ஆண்டுப் பழமை இல்லை. 1966-ஆம் ஆண்டில் பிறந்து, 2002-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. முப்பத்தாறு வயதிலேயே அதன் கணக்கு முடிந்தது.

'நாங்கள்' என்று சொல்லுவது பெருமைக்காக அன்று. எங்கள் வீட்டாரையும், இக்காலனியில் உடன் வளர்ந்தவர்களையும் சேர்த்தே சொல்லுகின்றோம். அக்கடைக்குப் போனதும் எல்லோரும் சேர்ந்துதான். போவதை நிறுத்தியதும் எல்லோரும் சேர்ந்துதான்.

சூப்பர் பஜார் ஏன் தோன்றியது என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். 1965-இலும் 1966-இலும் மழை பொய்த்தது. தானியம் கப்பலில் வந்தது. 1966 ஜூன் 6-ஆம் நாள் நம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அதுவரை டாலர் ஒன்றுக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்தது, 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. விலைவாசி ஏறும் என்று மக்கள் அஞ்சினர், பதுக்குவோர் மகிழ்ந்தனர். அந்நிலையில், நகரங்களில் கூட்டுறவு முறையில் பெரிய பல்பொருள் அங்காடிகளைத் திறக்க அரசாங்கம் முனைந்தது. தில்லியில் எழுந்ததே சூப்பர் பஜார். அப்பொழுது நாட்டின் உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்தவர் நம் சி. சுப்பிரமணியம் அவர்கள் என்பது தமிழர் நினைவில் வைக்கத்தக்கது.

கூட்டுறவுப் பண்டகசாலை என்பது நமக்குப் புதிதன்று. இங்கிலாந்தில் இராச்டேல் என்னும் ஊரில் 1844-இல் இருபத்தெட்டுப் பேர் கூடி, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுவத்தியும் விற்கத் தொடங்கிய சிறு கடைதான் இதற்கெல்லாம் முன்னோடி. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-லேயே நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிவிட்டது. ஆகவே நம் முன்னோர் சிலர் பண்டகசாலையை அறிந்தே தில்லிக்கு இரயில் ஏறினர்.

எங்கள் அன்னையார் அறியார். நன்னிலத்துப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1976-இல் மணமாகி இங்கு வந்தவர். தமிழன்றிப் பிறமொழி தெரியாது. தந்தையார் காலை ஏழரைக்கு அலுவலகம் புறப்பட்டால் மாலை ஏழுக்குத்தான் திரும்புவார். இடையில் உப்போ புளியோ தீர்ந்தால் அன்னையார் ஊமைக் கூத்து ஆடவேண்டும்.

இந்தி படித்த பிள்ளைகள் சிரிக்கலாகாது. இந்தியில் எண்களைக் கற்பது எத்துணைக் கடினம் என்பது வயது வந்தபின் கற்றவர்களுக்கே தெரியும். நாற்பத்தொன்பதுக்கு 'உன்சாஸ்' என்பர். ஐம்பதுக்கு ஒன்று குறை என்பது பொருள். ஐம்பத்தொன்பதுக்கு 'உன்சட்' என்பர். அறுபதுக்கு ஒன்று குறை. காதில் விழும்போது இரண்டும் உடன்பிறந்தார்போல் ஒலிக்கும். காலனிக்கு வெளியே இருந்த ஒரு பாத்திரக்கடையில் அன்னையார் ஓர் எவர்சில்வர் தூக்கு வாங்கினார். கடைக்காரர் முதலில் சொன்ன விலை உன்சாஸ். ஐம்பத்தொன்பதோ என்று ஐயுற்ற அன்னையார், பத்துப் பத்தாக எண்ணி ஆறு நோட்டுகளை நீட்டினார். கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரவு தந்தையார் வந்து விசாரித்தபோதுதான் விளங்கிற்று. பத்து ரூபாய் அன்று எங்கள் வீட்டில் சிறு தொகையன்று. ஆயினும் அன்னையார் அழுதது பத்து ரூபாய்க்காக அன்று. "எனக்கு வாய் இல்லைன்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சே" என்றார். அந்தத் தூக்கு இன்றும் வீட்டில் இருக்கிறது. அதில் அவர் இதுவரை எதுவும் ஊற்றியதில்லை.

அடுத்த ஞாயிறு விட்டு அடுத்த சம்பள வாரத்தில், தந்தையார் அவரைச் சூப்பர் பஜாருக்கு அழைத்துச் சென்றார்.

அவ்விடத்தை எப்படி வருணிப்பது! மளிகை ஒருபுறம், துணி ஒருபுறம், பாத்திரம், எழுதுபொருள், சோப்பு, மருந்து எனத் தனித்தனிப் பிரிவுகள். பருப்புகள் எடை கட்டி, உறையின்மேல் எடையும் விலையும் பொறித்து அடுக்கப்பட்டிருக்கும். 'அர்ஹர்' என்று கேட்கத் தெரியாவிட்டாலும் துவரம்பருப்பின் நிறம் தெரியுமன்றோ? உறையைக் கையில் எடுத்தால் போதும். எண் எந்த மொழியிலும் எண்தான். பேரம் இல்லை, முகம் பார்த்து விலை சொல்லுதல் இல்லை. காசு கட்டினால் சீட்டு. அச்சீட்டை அன்னையார் வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்கள் பழைய பள்ளி நோட்டின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்ப்பார். கணக்கு ஒத்து வரும். ஒத்து வந்தது என்பதற்காகவே மறுபடியும் ஒருமுறை கூட்டுவார்.

பெரிய கடை, சிறிய கடை, வெள்ளைக்காரர் காலத்து அங்காடி என்று ஆயிரம் கதை சொல்லுவார் உளர். கல்கத்தாவில் 1882-இல் தோன்றிய வைட்டவே லெயிட்லா கம்பெனி, கடன் கொடாமல் ரொக்கத்துக்கே விற்றதாம். அதை நடத்தியவர்களும் வாங்கியவர்களும் வேறு உலகத்தார். எங்களைப் போன்றோர் அத்தகைய கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்றிருப்போம். சூப்பர் பஜாரில் மூன்றாம் நிலை ஊழியரின் மனைவி, கையில் துணிப்பையுடன், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம். வாயில்லாதவருக்கு வாய் தந்த கடை அது. இதைச் சொல்லவே நாங்கள் இம்மேடை ஏறினோம். மற்றவையெல்லாம் இதன் கிளைகளே.

1996-இல் தந்தையார் நோயுற்றார். பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். ஓரிரவு பதினொரு மணியளவில் மருத்துவர் ஒரு சீட்டை எங்கள் கையில் கொடுத்து, உடனே வாங்கி வரச் சொன்னார். எங்களுக்கு அப்போது பதினேழு வயது. சட்டைப்பையில் தாயார் கொடுத்த பணம் முழுவதும் இருந்தது. மருத்துவமனையிலேயே சூப்பர் பஜாரின் மருந்துப் பிரிவு இருந்தது. அங்கே சீட்டை நீட்டினோம். மருந்தும் வந்தது; மீதிச் சில்லறையும் வந்தது; அச்சிட்ட சீட்டும் வந்தது. அவ்வளவுதான் நடந்தது, கதையாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்நேரத்தில் கூடுதலாக எவ்வளவு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போம். கேட்கவில்லை.

தந்தையார் மறு ஆண்டு காலமானார். கருணை அடிப்படையில் எங்களுக்கு இரயில்வேயில் வேலை கிடைத்தது. படிப்பு அத்துடன் நின்றது.

1998-ஆம் ஆண்டு வெங்காயப் பஞ்சத்தைப் பெரியோர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கிலோ ஐம்பது ரூபாயையும் தாண்டிற்று. சாம்பார் இல்லாத வீடுகளில்கூட அழுகை கேட்டது. அந்த நவம்பரில் நடந்த தேர்தலில் தில்லியின் ஆட்சியே மாறிற்று. வெங்காயமே காரணம் என்று இன்றும் சொல்லுவார்கள். அப்பொழுது சூப்பர் பஜாரின் வண்டி காலனிதோறும் வந்து குறைந்த விலைக்கு வெங்காயம் விற்றது. நம் காலனிக்கு வந்த வண்டியில் தராசு பிடித்தவர், நாங்கள் மாமா என்று அழைக்கும் நம்மவர் ஒருவர். வரிசையில் அன்னையார் நின்றார். தமக்குத் தெரிந்தவர்தானே, ஒரு கை கூடப் போடுவார் என்று எதிர்பார்த்தார் போலும். மாமா தராசின் முள்ளைப் பார்த்தார். ஒரு சிறு வெங்காயத்தை எடுத்துத் திரும்பக் கூடையில் போட்டார். அன்னையார் வீடு வந்து, "நல்ல மனுஷன்தான், ஆனா கல்லு" என்றார். அதில் பாதி குறை, பாதி மெச்சுதல்.

இனி, நாங்கள் மறைக்க விரும்பாத பகுதிக்கு வருகின்றோம்.

கடை நட்டத்தில் ஓடிற்று. ஆகவே மூடினார்கள் என்று செய்தித்தாள் எழுதிற்று. அது மெய். ஆனால் நட்டம் என்பது வானத்திலிருந்து விழுவதன்று. 1990-இல் ஒரு விதி வந்தது. உறையிட்ட பொருள்களின்மேல், வரிகள் அனைத்தும் உள்ளிட்ட அதிகபட்ச விலையை அச்சிடவேண்டும் என்பது அது. நல்ல விதி, அன்னையாரைப் போன்றோர்க்குப் பெரும் காவல். ஆயின் அதன் விளைவைப் பாருங்கள். சூப்பர் பஜார் தந்த பெருங்கொடை எதுவோ, அது மூலைக்கடைச் சோப்புக் கட்டியிலும் ஏறிவிட்டது. பின்னர் அச்சிட்ட விலைக்கும் கீழே தருகிறோம் என்றனர் தனிக்கடையினர். 1999-இல் தென்தில்லியில் அன்சல் பிளாசா திறந்தது. குளிர்காற்று வீசும் கடையில், வாங்காவிட்டாலும் உலவலாம் என்றனர். எங்களுக்கு இருபது வயது. கையில் முதன்முதலாகச் சொந்தச் சம்பளம். உலவினோம். மாதச் சாமானுக்கு மட்டும் சூப்பர் பஜார் போனோம், பிறகு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை, பிறகு தீபாவளிக்கு. எந்த நாளில் கடைசியாகப் போனோம் என்று தெரியவில்லை. கடைசி என்று தெரிந்து போகவில்லை அன்றோ!

2002-இல் கடை மூடப்பட்ட சில நாட்களுக்குப் பின், பிள்ளையார் கோயில் திண்ணையில் அந்த மாமாவைக் கண்டோம். வேலை போய்விட்டது. மூத்த பெண் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். நாங்கள் துக்கம் விசாரிப்பவர் குரலில், "எவ்வளவு நல்ல கடை மாமா, இப்படியா மூடுவார்கள்?" என்றோம். அவர் சினக்கவில்லை. "நீ கடைசியா எப்போ வந்தே?" என்று மட்டும் கேட்டார். விடை சொல்ல வாய் வரவில்லை. அன்று நாங்கள் கையில் வைத்திருந்த பை வேறு கடையின் பை.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அக்கேள்வி எங்களுடன் இருக்கிறது. பழைய கடைகள் அழிந்தனவே என்று நம் காலனியில் கூடிப் பேசும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும். பிரிவுதோறும் நின்ற விற்பனையாளர்கள் எங்கே, சணலால் கட்டிய பொட்டலம் எங்கே என்று நாம் உருகுகின்றோம். உருகுவதில் தவறில்லை. கடையை மூடியவர் பட்டியலில் நம் பெயரையும் எழுதிவிட்டு உருகலாம் என்பதே எங்கள் கருத்து. மத்திய அரசு ஊழியர்க்கென 1963-இல் தொடங்கிய கேந்திரிய பண்டார் இன்றும் நடக்கிறது. இவ்வவையில் இருப்போரில் சென்ற மாதம் அங்கே போனவர் யார் என்று கை தூக்கச் சொல்லலாம் என்று நினைத்தோம். எங்கள் கையே எழாது என்பதால் விட்டுவிட்டோம்.

சூப்பர் பஜாரை வென்ற புதுக் கடைகளாவது நிலைத்தனவா? 2001-இல் தொடங்கி நாடெங்கும் பரவிய பிக் பஜார், 2022-இல் கைமாறி, பெயரே மறைந்தது. அதற்காக உருகுவோர் இனித் தோன்றுவர். இப்பொழுது கைப்பேசியில் விரலால் தொட்டால் பத்து நிமிடத்தில் பருப்பு வாசலுக்கு வருகிறது. எங்கள் மகள்தான் தொடுகிறாள். அன்னையாருக்கு எழுபது வயதாகிறது. இப்போது கடைவீதி இந்தி அவருக்கு நன்றாகவே வரும். உன்சாஸையும் உன்சட்டையும் தூக்கத்தில் கேட்டாலும் பிரித்துச் சொல்லுவார். ஆயினும் பை வந்தவுடன், "சீட்டு எங்கேடி?" என்று கேட்கிறார். சீட்டு கைப்பேசிக்குள் இருக்கிறது என்கிறாள் பெண். கூட்டிப் பார்க்க அவருக்கு ஒன்றுமில்லை. மீண்டும் வாயில்லாதவர் ஆகிவிட்டார்.

அந்த மாமா கடை மூடியபின் ஓரிடத்தில் கணக்கெழுதிப் பெண்ணைப் படிக்கவைத்தார். சங்கத்தின் சாமான் கணக்கும் அவர் கையில்தான். இன்று இக்கூட்டத்திற்கான சிற்றுண்டிக்கு வேண்டிய இரவையும் பருப்பும் நெய்யும் அவரே வாங்கி, அவரே எடை பார்த்து இறக்கியிருக்கிறார். பின்வரிசையில் நின்றுகொண்டு, நாங்கள் விரைவில் முடிக்கவேண்டும் என்று கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். சாமான் வாங்கிய சீட்டுகள் செயலாளரிடம் உள்ளன. எவரும் கூட்டிப் பார்க்கலாம்.