யூச்சி, கிரீக் கொடிவழித் தேடலும் பதிவேடுகளின் நோக்கமும்

அமெரிக்கத் தென்கிழக்கின் பூர்வகுடிகளுடைய கொடிவழிகளை ஆராய்வோர் கூடியுள்ள இவ்வவையின் முன் வைக்கப்படும் இத்தலைமை உரையின் கருத்து ஒன்றே: யூச்சி, கிரீக் முன்னோரைத் தேடுவோர் பெரிதும் நம்பும் அரசுப் பதிவேடுகள் நிலத்தைப் பங்கிடவும் விற்கவும் எழுதப்பட்டவை, அந்த நோக்கத்தை மறந்து அவற்றைப் படிப்பவர் அவற்றின் விடுபாடுகளையே வரலாறாக எழுதிவிடுவர்.

கிரீக் என்று ஆங்கிலேய வணிகர் அழைத்த முஸ்கோகி மக்கள், இன்றைய ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களின் ஆற்றங்கரைகளில் வாழ்ந்த 'தல்வா' எனப்படும் ஊர்களின் கூட்டமைப்பினர் ஆவர். தல்வா என்பது வெறும் குடியிருப்பன்று. தனக்கென மன்றமும் புனித நெருப்பும் 'மிக்கோ' என்னும் தலைவனும் உடைய அரசியல் அலகு. டென்னசிப் பகுதியிலிருந்து தெற்கே பரவிய யூச்சிகள், வேறெந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழியைப் பேசியவர்களாயினும், இக்கூட்டமைப்பினுள் தமக்குரிய ஊர்களோடு இடம்பெற்றனர். சட்டஹூச்சி ஆற்றங்கரையில் இருந்த அவர்களது பேரூரை 1770களில் கண்ட இயற்கையியலாளர் வில்லியம் பார்ட்ராம், அதன் பரப்பையும் வீடுகளின் கட்டமைப்பையும் வியந்து பதிவுசெய்துள்ளார்.

இவ்விரு மக்களிடமும் குழந்தை தாயின் குலத்தைச் சேரும். ஆகவேதான் ஸ்காட்லாந்து வணிகருக்குப் பிறந்த அலெக்சாண்டர் மெக்கிலிவ்ரே, காற்றுக் குலத்துத் தாயின் மகன் என்ற உரிமையால் குறைவற்ற கிரீக்காகவே தலைமை ஏற்க முடிந்தது. 1813-14 போரில் அமெரிக்கப் படையுடன் நின்ற டிம்பூச்சி பர்னார்டும், தந்தை வெள்ளை வணிகராயிருந்தும், தாய்வழியால் யூச்சித் தலைவரானார். ஆண்களோ போர்ப்பட்டங்களைப் பெயராகத் தாங்கினர். ஹார்ஜோ, ஃபிக்சிகோ போன்ற பட்டங்கள் பல ஊர்களில் பலருக்கு வழங்கியதால், ஐரோப்பிய முறைப்படி தந்தையின் குடும்பப் பெயரைப் பற்றிக்கொண்டு பின்னோக்கி நடப்பவர் இரண்டு தலைமுறைக்குள் வழி தவறுவது ஏறத்தாழ உறுதி.

1832 மார்ச் 24 அன்று கையெழுத்தான குசெட்டா உடன்படிக்கை, குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் 320 ஏக்கரும், முதன்மைத் தலைவர் 90 பேருக்குத் தலா 640 ஏக்கரும் ஒதுக்கியது. அதற்கென பார்சன்ஸ், அபட் ஆகிய இருவர் எடுத்த கணக்கு ஊர்வாரியாக அமைந்திருப்பதால் இன்றளவும் பயன் மிக்கது. ஆனால் அதனைத் தொடர்ந்த விற்பனைப் பத்திரங்களை அதே நம்பிக்கையோடு படிக்கக் கூடாது. நிலத்தரகர்கள் உரிமையாளரைப் போல வேறொருவரை நிறுத்திக் கைந்நாட்டு வைக்கச் செய்த ஆள்மாறாட்டம் அக்காலத்திலேயே அம்பலமானது. அந்த மோசடிகளின் கொதிப்பில் எழுந்த 1836ஆம் ஆண்டுப் போரைக் காரணங்காட்டி, கிரீக்குகளும் அவர்களோடு யூச்சிகளும் இன்றைய ஒக்லஹோமாவுக்குத் துரத்தப்பட்டனர்.

அங்கும் நிலம் மீண்டும் துண்டாடப்பட்டது. 1898ஆம் ஆண்டின் கர்ட்டிஸ் சட்டத்துக்குப் பின் டாஸ் ஆணையம் தயாரித்த குடிப்பதிவேடே இன்று முஸ்கோகி நாட்டின் குடியுரிமைக்கு அடிப்படை. ஒவ்வொருவர் பெயர் எதிரிலும் அது குறித்த 'இரத்தப் பின்னம்', அதாவது பூர்வகுடி முன்னோரின் பங்கு எனக் கருதப்பட்ட அளவு, கிரீக் மரபில் வேரற்றது. ஆனால் 1908ஆம் ஆண்டுச் சட்டம் அப்பின்னத்தைக் கொண்டே யாருடைய நிலத்தைத் தடையின்றி விற்கலாம் என்று முடிவுசெய்தது. சிட்டோ ஹார்ஜோவின் தலைமையில் நிலப்பங்கீட்டை எதிர்த்தோர் பதிய மறுத்தபோதும், அவர்களைக் கேளாமலே அவர்களின் பெயர்கள் ஏறின. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினக் கிரீக்குகளுக்கு 1866 உடன்படிக்கை முழுக் குடியுரிமை அளித்திருந்தும், ஆணையம் அவர்களைத் தனி ஏட்டில் பின்னமின்றி எழுதியது. அவர்களுள் கிரீக் முன்னோர் உடையோரின் உறவு ஏட்டளவில் அறுந்தது. 1979ஆம் ஆண்டின் அரசமைப்பு இரத்தவழியை அளவுகோலாக்கி அவர்களின் வழித்தோன்றல்களை விலக்கியது. 2025இல் முஸ்கோகி நாட்டின் உச்ச நீதிமன்றமே 1866 உடன்படிக்கையைச் சுட்டி அவ்விலக்கைச் செல்லாததாக்கியது. ஓர் எழுத்தர் தோற்றத்தைக் கண்டு தேர்ந்த ஏடு, ஒரு நூற்றாண்டுக்கு மேல் குடியுரிமையை ஆண்டது.

இருப்பினும் அப்பதிவுகளைத் தள்ளிவிடுவது அறிவுடைமையன்று. அச்சிட்ட இறுதிப் பட்டியலில் பெயர், வயது, பின்னம் போன்றவையே உள்ளன. அதற்கு மூலமான அட்டைகளிலோ பதியப்பட்டவரின் தல்வாவும் பெற்றோரின் தல்வாவும் காணப்படுகின்றன. 'இரத்தவழிக் கிரீக்' என்னும் தலைப்பின்கீழ் மறைந்துள்ள யூச்சியரை அட்டையின் இந்த ஊர்க்கட்டமே வெளிப்படுத்துகிறது. பட்டியலோடு நின்றுவிடும் ஆய்வுகள் யூச்சிகள் கிரீக்குகளுடன் கரைந்துபோயினர் என்று எழுதுவதன் காரணமும் இதுவே. மரபணுச் சோதனைகளைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை: ஒருவர் எந்தக் குடியினர், எந்த ஊரினர் என்பதை அவை கூற வல்லன அல்ல.

கிழக்கிலேயே தங்கிவிட்டோர் கதை வேறு. அலபாமாவின் ஆட்மோர் அருகே வாழும் போர்ச் கிரீக்குகள், பள்ளியிலும் பிரித்துவைக்கப்பட்ட சமூகமாக நீடித்து, கால்வின் மெக்கீயின் தலைமையில் 1950களில் நிலவழக்கில் இணைந்து, 1984இல் கூட்டரசின் ஏற்பைப் பெற்றனர். அவ்வழக்கின் இழப்பீட்டுத் தொகை அறிவிக்கப்பட்டபின் தென்மாநிலங்களில் கிரீக் முன்னோர் உண்டென முன்வந்தோர் பலர். அவர்களுள் உண்மையான வழித்தோன்றல்கள் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு முன்னோரைக் கண்டறிவதும் ஒரு சமூகமாக வாழ்ந்துவருவதும் ஒன்றல்ல என்பதைப் போர்ச் மக்களின் வரலாறு தெளிவாக்குகிறது.

யூச்சியரின் நிலை இதற்கு நேர்மாறானது. டக் கிரீக், போல்கேட், சாண்ட் கிரீக் ஆகிய மூன்று சடங்குக் களங்களில் அவர்களின் பசுஞ்சோள விழா இன்றும் நடைபெறுகிறது. 1909இல் ஃப்ராங்க் ஸ்பெக் வெளியிட்ட இனவரைவியல் நூல் தொடங்கி ஆய்வுகளும் தொடர்கின்றன. ஆயினும் தனிக்குடியாக ஏற்குமாறு 1990களில் அவர்கள் விடுத்த கோரிக்கை மறுக்கப்பட்டது. உறுப்பினர் பெரும்பாலோர் ஏற்கெனவே முஸ்கோகி நாட்டின் பதிவில் உள்ளனர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. சமூகம் உயிரோடிருக்க, பழைய பதிவே அதற்கு எதிர்ச்சான்றாகிவிட்டது.

ஆகவே இம்மாநாட்டில் படிக்கப்படும் கட்டுரைகளும் இனி உருவாகும் தரவுத்தளங்களும் ஒவ்வொரு பெயரோடும் தல்வாவையும் தாயின் குலத்தையும் தவறாது குறிக்க வேண்டும் என்றும், ஆவணக்காப்பகங்களில் கிடக்கும் அட்டைகள், ஒலிப்பதிவுகள் ஆகியவற்றின் படிகளை முதலில் அச்சடங்குக் களங்களின் மூத்தோரிடம் ஒப்படைத்து, அவர்களின் திருத்தங்களைப் பெற்ற பின்னரே வெளியிட வேண்டும் என்றும் இத்தலைமை உரை அவையோரை வேண்டுகிறது.