குற்றவாளிக் கூண்டில் தாயா?

(‘குழந்தைக்குத் தாய்ப்பால் கிடைக்காமல் போகப் பெரிதும் காரணம் தாயின் மனமா? சமுதாயத்தின் போக்கா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘சமுதாயத்தின் போக்கே’ என்ற அணியில் பேசியது.)

அன்பும் அறிவும் நிறைந்த நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! இவ்வளவு நேரம் தாய்மார்களைத் திட்டித் தீர்த்துவிட்டு, இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணன் அவர்களே! (சிரிப்பு) அரங்கம் நிறைந்த பெரியோர்களே! வீட்டிலே தொலைக்காட்சியின் முன்னால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

அண்ணன் சொன்னார்: “இந்தக் காலத்துப் பெண்ணுக்கு அழகு போயிடுமோன்னு பயம், அதனாலதான் புட்டியைத் தூக்கிக் கொடுக்கிறா.” நடுவர் அவர்களே! மாதக்கணக்கில் வாந்தி எடுத்தாள். கால் வீங்கி நடந்தாள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். அப்போதெல்லாம் அழகைப் பற்றிக் கவலைப்படாதவள், பால் கொடுக்கும்போது மட்டும் கண்ணாடியைத் தேடுவாளா? (கைதட்டல்)

தாய்மேல் பழி போடுவது நமக்குப் பழைய பழக்கம். புறநானூற்றில் 278-ஆம் பாட்டு. பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். போர்க்களத்தில் மகன் புறமுதுகு காட்டினான் என்று ஊரார் சொல்கிறார்கள். அது மட்டும் உண்மையானால், அவன் பால் குடித்த மார்பையே அறுத்தெறிவேன் என்று வாளோடு புறப்படுகிறாள் முதிய தாய். களத்திலே தேடிப் பார்த்தால் மகன் வீரனாகவே மடிந்து கிடக்கிறான். வீரத்தாய் என்று கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஓடியதாகச் சொல்லப்பட்டவன் மகன். பொய் சொன்னது ஊர். தண்டனை மட்டும் தாயின் மார்புக்கா? அந்த ஊர்தான் நடுவர் அவர்களே, இன்றைக்கு எதிரணியில் வந்து உட்கார்ந்திருக்கிறது! (பலத்த கைதட்டல்)

முதல் வாதத்துக்கு வருகிறேன். பிள்ளை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாயின் மார்பில் போட வேண்டும் என்பது மருத்துவம். அப்போது வருவது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, சில கரண்டி அளவுதான் வரும். பச்சைக் குழந்தையின் வயிற்றுக்கு அதுவே போதும். நோயை எதிர்க்கும் சக்தி அதில் நிறைந்திருக்கிறது.

2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? நம் நாட்டில் 100-க்கு 89 பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. ஆனால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த பிள்ளைகள் 100-க்கு 42 பேர்தான். டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், கட்டில் இருக்கிறது. பால் மட்டும் ஏன் கிடைக்கவில்லை? ஆபரேஷன் முடிந்து தாய் ஓர் அறையில் மயக்கமாகக் கிடக்கிறாள். பிள்ளை இன்னோர் அறையில். வெளியே பெரியம்மா சர்க்கரைத் தண்ணியோடு நிற்கிறார், சேனை வைக்க! “நான் வச்சா என் குணம் வரும்”கிறார். அந்தக் குணத்தைத்தான் வீடே முப்பது வருஷமாத் தாங்க முடியாமத் தவிக்குது! (சிரிப்பு)

இன்னொரு வேடிக்கை. மாடு கன்னு போட்டா, அந்தச் சீம்பாலை வெல்லம் போட்டுக் காய்ச்சித் தெருவுக்கே கொடுப்போம். பெத்தவளோட சீம்பாலை மட்டும் “கெட்ட பால், பீய்ச்சிக் கீழே விடு”ன்னு சொன்னது யாரு? அவ மனசா? ஊர்ப் பாட்டியா? கன்னுக்குட்டிக்குப் போய்ச் சேர வேண்டியது நமக்கு, நம்ம பிள்ளைக்குச் சேர வேண்டியது மண்ணுக்கு! (கைதட்டல்)

அடுத்த நாளே “பால் பத்தலைடி, டப்பா வாங்கு” என்று ஆரம்பித்துவிடுவார்கள். இறைக்கிற கிணறுதானய்யா ஊறும்! பிள்ளை சப்பச் சப்பத்தான் உடம்பு பாலைச் சுரக்கும். புட்டியால் வயிறு நிறைந்த பிள்ளை மார்பைத் தேடாது. தேடாவிட்டால் சுரப்பு குறையும். குறைந்ததும், “பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல, பால் இல்லைன்னு” என்பார்கள். கிணத்துல வாளி விடாம, தண்ணி இல்லைன்னு சொன்ன கதை!

இரண்டாவது வாதம், வேலை. என் மகன் பிறந்தபோது நான் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. அப்போது சட்டத்தில் 12 வாரம்தான் விடுப்பு. திரும்பப் போனேன். பதினொரு மணி ஆகும். வீட்டிலே பிள்ளை அழுகிற நேரம். இங்கே எனக்குப் பால் கட்டி, நெருப்பாய்க் கொதிக்கும். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். ஒதுங்க ஓர் அறை கிடையாது. கழிவறைக்குப் போய்ப் பீய்ச்சித் தரையில் விட்டேன். என் பிள்ளையின் உணவு சாக்கடையில் ஓடியது. எனக்கா மனம் இல்லை? சொல்லுங்கள் அண்ணே, எனக்கா மனம் இல்லை? (கைதட்டல்)

2017-இல் விடுப்பு 26 வாரமானது. முதல் இரண்டு பிள்ளைகளுக்கு. 50 பேர் வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு. நல்ல சட்டம். ஆனால் கட்டட வேலைக்குப் போகிற சித்தாளுக்கு யார் தருவார்கள் 26 வாரம்? ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டுக் கல் சுமக்கிறாளே, அவளிடம் போய் “உனக்கு மனசில்லை”ன்னு சொல்ல எந்த எதிரணிக்குத் தைரியம் இருக்கிறது?

மூன்றாவது வாதம், வியாபாரம். 1939-இல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்கிற அம்மையார் ஒரு சொற்பொழிவாற்றினார். தலைப்பு, ‘பாலும் கொலையும்’. டப்பாப் பாலை விளம்பரம் செய்து தாய்மார்களை ஏமாற்றுவது கொலைக்குச் சமம் என்று துணிந்து சொன்னார். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் அந்த விளம்பரங்களுக்கு எதிராக நெறிமுறை வகுத்தது. 1992-இல் நம் நாட்டிலேயே சட்டம் வந்தது. குழந்தைப் பால் மாவுக்கு விளம்பரம் கூடாது. டப்பாவில் குழந்தை படம் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சடிக்க வேண்டும்.

நடுவர் அவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தாயின் மனம்தான் குற்றவாளி என்றால், சட்டம் யார் கையைக் கட்டியிருக்க வேண்டும்? தாயின் கையை! கட்டியது யார் கையை? கம்பெனிக்காரன் கையை! (பலத்த கைதட்டல்) இன்னொரு கணக்கு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் 2015-16-இல் 100-க்கு 55. 2019-21-இல் 64. இத்தனை தடையைத் தாண்டியும் எண்ணிக்கை ஏறியிருக்கிறது. மனம் கெட்டுப்போயிருந்தால் ஏறுமா?

ஒன்றை மறந்துவிடக் கூடாது. புட்டிப்பால் விஷமல்ல. தாயை இழந்த பிள்ளை உண்டு. தத்தெடுத்த பிள்ளை உண்டு. நோயாலோ, மருந்தாலோ பால் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன தாய் உண்டு. அங்கே அந்த மாவுதான் உயிர். கொதித்த தண்ணீர், சுத்தமான பாத்திரம், டப்பாவில் சொன்ன அளவு, இந்த மூன்றும் சரியாக இருக்க வேண்டும். ஆபத்து எங்கே வருகிறது? குழாயில் கலங்கிய தண்ணீர் வரும் வீட்டில் வருகிறது. நாலு நாள் டப்பாவை எட்டு நாளைக்கு நீட்ட, கரண்டியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டும் ஏழை வீட்டில் வருகிறது. அங்கேயும் குறை தாயின் மனத்திலா? அவள் சுருக்குப்பையிலா?

புட்டி பிடித்து ஊட்டிய எத்தனையோ தாய்மார் இதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இரவெல்லாம் அழுதிருப்பீர்கள். உங்கள் தாய்மையில் ஒரு சொட்டும் குறையவில்லை. (கைதட்டல்)

வழி இல்லாமலா இருக்கிறது? 1989-லேயே மும்பை சயான் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி திறந்தார்கள். தமிழ்நாட்டில் 2015-இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை வந்தது. சமுதாயம் ஒரு கதவைத் திறந்தால், தாய் மார்போடு பிள்ளையை அணைத்துக்கொண்டு உள்ளே வருகிறாள். கதவை மூடிவிட்டு மனமில்லை என்பது என்ன நியாயம்?

ஆகவே நடுவர் அவர்களே! கூண்டில் நிற்கும் தாயைக் கீழே இறக்குங்கள். அவள் பசித்த பிள்ளையோடு நிற்கிறாள். உட்கார ஒரு நாற்காலியும், ஒதுங்க ஓர் அறையும், கூடவே ஆறு மாத அவகாசமும் கொடுத்து, குழந்தைக்குத் தாய்ப்பால் கிடைக்காமல் போகப் பெரிதும் காரணம் சமுதாயத்தின் போக்கே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)