பிந்தி வந்த குரல்



பாடகர் குழுவுக்காக ஒரு பாடலை வீட்டுக் கணினியில் பதிவுசெய்துகொண்டிருந்தோம். மூத்த பாடகர் ஒருவர் தாளத்தில் பிந்திக்கொண்டே இருந்தார். "வயதாகிவிட்டது" என்று முணுமுணுத்தோம். அது அவர் காதில் விழுந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு அதே ஹெட்போனை மாட்டி நாங்கள் பாடிப் பார்த்தோம். நாங்களும் பிந்தினோம்! ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் 'பஃபர்' 1024 என்றிருந்தது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்றால், அது ஏறக்குறைய 21 மில்லி நொடி. குரல் உள்ளே போய் வெளியே வர 42-க்கும் மேல். தம் குரலே பிந்திக் கேட்டால் யார்தான் தாளத்தில் நிற்பார்?

128 ஆகக் குறைத்தோம், சரியாயிற்று. இன்னும் குறைத்தால் கணினி திணறி, ஒலி கரகரத்தது. பதிவு முடிந்து, ஒலிகளைக் கலக்கும்போது மறுபடி 1024 வைத்துக்கொள்ளலாம்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். மறுநாள் வந்து ஒரே தடவையில் பாடி முடித்தார்.

அன்புக்குரியவர்களே, ஒருவரைக் குறைசொல்லுமுன் அவருடைய ஹெட்போனை நாமும் ஒருமுறை மாட்டிப் பார்ப்போம்.