கல் கேட்பதா, காடு கேட்பதா?

(மீனவரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கடலோரக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் முக்கிய பகுதி)



கடல் ஊருக்குள் வருகிறது என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன வருஷம் வள்ளம் ஏற்றிவைத்த மணல் இந்த வருஷம் இல்லை. வலை உலர்த்த இடமில்லை. ஆகவே கரையோரக் கிராமங்களிலெல்லாம் ஒரே கோஷம் எழுகிறது: "கல் கொட்டு!" இது நியாயமான கோபத்தில் பிறந்த கோஷம். ஆனால் கோபம் நியாயமாக இருந்தால் மட்டும் போதாது. கோரிக்கையும் சரியாக இருக்க வேண்டும். அதைத்தான் இன்று யோசிப்போம்.

நமது கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலை அதை வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குக் காலத்தில் தெற்கே தள்ளுகிறது. வருஷக் கணக்குப் பார்த்தால் சோழமண்டலக் கரையில் வடக்கே போவதுதான் அதிகம். இதற்குக் குறுக்கே கடலுக்குள் கல்லை நீட்டினால் என்ன நடக்கும்? தெற்கே மணல் தங்கும். வடக்கே மணல் வராது. அலை மட்டும் வந்துகொண்டே இருக்கும். வரவு நின்று செலவு மட்டும் நடக்கிற குடும்பத்தின் கதிதான் அந்தக் கரைக்கும்.

சென்னையைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் துறைமுகம் கட்டினார்கள். தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கரை கரைந்தது. அங்கே குடியிருந்தவர்கள் யார்? மீனவரும் தொழிலாளரும்தான். துறைமுகத்தின் லாபம் ஒருவருக்கு, நஷ்டம் இன்னொருவருக்கு! அரிப்பைத் தடுக்கக் கல் போட்டார்கள். அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. ஒரு கிராமத்தின் பரிகாரம் அடுத்த கிராமத்தின் வியாதியாயிற்று.

அப்படியானால் இயற்கை எப்படிக் காத்தது? முதலில் மணல்மேடு. அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்து, காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்குகின்றன. புயலில் அலை அந்த மணலை எடுத்துக்கொள்ளும். அமைதிக் காலத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். மணல்மேடு கரையின் சேமிப்பு. அதைச் சமன்படுத்தி மனை போடுகிறவன் ஊரின் சேமிப்பைக் களவாடுகிறான். மேட்டைத் தட்டிவிட்டுச் சவுக்கு வைப்பதும் பரிகாரமல்ல.

அடுத்தது ஆற்று முகத்திலுள்ள அலையாத்திக் காடு. வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே பிச்சாவரம் இருக்கிறது. சுரபுன்னையின் ஊன்று வேர்களும், அலையாத்தியின் சேற்றிலிருந்து நிமிரும் மூச்சு வேர்களும் அலையை உடைத்துச் சேற்றைப் பிடித்து நிறுத்துகின்றன. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அங்கேதான் வளர்கின்றன. இப்படிப்பட்ட காட்டையே பிரிட்டிஷ் சர்க்கார் காலத்திலிருந்து கூறு கூறாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து பள்ளமாயிற்று. பள்ளத்தில் கடல்நீர் தேங்கி வற்றி, உப்பு ஏறியது. பிறகு விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. பழியோ விறகு பொறுக்கிய ஏழையின் தலையில் விழுந்தது!

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து காரணத்தைக் கண்டு வேலை செய்தார்கள். மீன்முள்ளைப் போல நடுவே ஒரு வாய்க்கால், இரு புறமும் கிளை வாய்க்கால்கள். ஏற்றத்தில் நீர் உள்ளே வந்தது. வற்றத்தில் வெளியே போயிற்று. உப்பு குறைந்தது. கன்று பிழைத்தது. இதிலிருந்து ஒரு பாடம் கற்க வேண்டும்: கன்று நட்டுப் படம் எடுப்பது வேலையல்ல, நீரின் வழியைத் திறப்பதே வேலை.

இதில் மிகைப்படுத்தவும் கூடாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மரங்களின் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று கடலூர் மாவட்டத்தில் ஆராய்ந்தவர்கள் 2005இல் எழுதினார்கள். ஊர் மேட்டில் இருந்ததும் கடலுக்குத் தூரமாக இருந்ததுமே காரணம் என்று வேறு விஞ்ஞானிகள் மறுத்தார்கள். சாதாரண அலைகளைப் பற்றி அவ்வளவு சந்தேகமில்லை. 100 மீட்டர் அகலக் காடு அலையின் உயரத்தை 13 முதல் 66 சதவீதம் வரை குறைக்கிறது. புயலில் ஏறும் கடல்மட்டமோ, ஒரு கிலோமீட்டர் காட்டுக்கு 5 முதல் 50 சென்டிமீட்டர்தான் குறையும். 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டையே முறித்துப் போட்டது. ஆகவே காடு இருக்கிறது என்று புயல் எச்சரிக்கையையும் பாதுகாப்புக் கட்டிடத்தையும் கைவிட முடியாது.

"வீட்டு வாசலில் அலை அடிக்கிறது, மரம் வளரும்வரை காத்திருப்பதா?" என்று ஒரு தாய் கேட்டார். சரியான கேள்வி. அந்த இடத்தில் அவசரத்துக்குக் கல் போடத்தான் வேண்டும். ஆனால் வடக்கே என்ன ஆகும் என்று கணக்கிட்டு, தடைபட்ட மணலை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டும் பொறுப்பையும் சர்க்கார் ஏற்க வேண்டும்.

இதோடு ஆற்றையும் மறக்கலாகாது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது முதல் வண்டலில் பெரும் பங்கு அணைக்குள் தங்குகிறது. மிச்சமிருக்கும் மணலை லாரி லாரியாக அள்ளுகிறார்கள். கரைக்கு எது வந்து சேரும்? இறால் பண்ணைகளையும் நினைத்துப் பாருங்கள். கரையோரத்தை வளைத்த அந்தப் பண்ணைகளுக்கு எதிராக 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்ததென்றால், அதற்குப் பின்னால் கடலோர மக்களின் போராட்டம் இருந்தது.

ஆகவே நமது கோரிக்கை என்ன? மணல்மேட்டில் கை வைக்காதே. ஆற்று மணல் கொள்ளையை நிறுத்து. காடு வளரும் இடத்தில் வாய்க்காலைத் திறந்து காட்டை மீட்டுக் கொடு. அந்த வேலையின் கூலி இந்த ஊருக்கே வரட்டும். காட்டைக் காப்பதாகச் சொல்லி மீனவனை விரட்டாதே. கரையில் அவனது குடியிருப்பு உரிமையை எழுத்தில் கொடு.

கடைசியாக ஒன்று. வடக்கேயுள்ள ஊர்க்காரன் நமக்கு எதிரியல்ல. நமது கரையில் விழும் கல் அவனது கரையில் பள்ளம் பறிக்கிறது. எனவே மனுவில் கையெழுத்துப் போடுமுன் அந்த ஊர்ப் பெரியவர்களையும் இளைஞர்களையும் அழைத்து உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே மனு கொடுத்தால் அதை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.