செவிக்கும் பயிற்சி வேண்டும்

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற நமது ஊர்களிலிருந்து வளைகுடா சென்ற மூத்தவர்களில் பெரும்பாலோர்க்கு ஆங்கிலத் தேர்வு எதுவும் குறுக்கே நிற்கவில்லை. இன்று பிரிட்டனில் செவிலியராகப் பணியாற்ற விரும்பும் நம் பிள்ளை ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வைத் தேர்ந்தெடுத்தால், கேட்டல் பகுதியில் 7 என்னும் தரப்புள்ளி பெற வேண்டும். 40 வினாக்களில் ஏறத்தாழ 30 சரியாக அமைந்தால்தான் அது கிட்டும்.

நான்கு பிரிவுகள், சுமார் 30 நிமிடங்கள், ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஒலிக்கும். பேசுபவர் செவ்வாய்க்கிழமை என்பார். அடுத்த மூச்சிலேயே, இல்லை, வியாழன் எனத் திருத்துவார். அவசரப்பட்டு முதலில் கேட்டதை எழுதியவர் மதிப்பெண் இழப்பார். எழுத்துப்பிழைக்கும் மன்னிப்பில்லை.

நன்கு படித்த பிள்ளைகளும் இங்கே தடுமாறுவதேன்? ஆங்கிலத்தை அவர்கள் கண்ணால் கற்றார்கள், காதால் கற்கவில்லை. தமிழில் ஒரே 'ப' இரண்டு ஒலிகளைச் சுமக்கிறது. ஒருவர் தம் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது 'பி' என்றால் எந்தப் 'பி'? 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன.

இதற்கான மருந்து நம் மக்தபில் இருக்கிறது. அடிநாவில் பிறக்கும் காஃபில் 'கல்ப்' என்றால் இதயம். சற்று முன்னே பிறக்கும் காஃபில் 'கல்ப்' என்றால் நாய். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே! ஏழு வயதுக் குழந்தை அதைப் பிரித்தறிவது உஸ்தாதின் வாயிலிருந்து கேட்டு, திருப்பிச் சொல்லி, திருத்தப்பட்டுத்தான். அவ்வழியிலேயே, இரண்டு நிமிட ஆங்கில ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுக. மீண்டும் கேட்டு, அச்சிட்ட உரையோடு ஒப்பிட்டு, செவியில் விழாத சொல்லைக் குறித்துக்கொள்க. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, அமெரிக்க உச்சரிப்புகள் அனைத்தும் பழக வேண்டும். கீழே எழுத்து ஓடும் படங்களைப் பார்ப்பது கண்ணுக்குத்தான் பயிற்சி!

அந்நிய மொழி எதற்கென்று கேட்போர், நபி (ஸல்) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கப் பணித்ததை நினைவு கூர்க.

தேர்வுக் கட்டணமே 15,000 ரூபாயைத் தாண்டுகிறது. தவறினால் மறுபடியும் கட்ட வேண்டும். அதற்காகத் தாயின் நகை வட்டிக்கு அடகு போகக் கூடாது. பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் வழங்க நிர்வாகிகள் முன்வர வேண்டுகிறேன். மதரஸா கூடத்தை இஷாவுக்குப் பின் ஆண்களுக்கும், அஸருக்குப் பின் பெண்பிள்ளைகளுக்கும் திறந்து விடலாம். ஓர் ஒலிபெருக்கியும் ஆங்கிலம் கற்பிக்கும் ஓர் ஆசிரியரும் போதும். ஆசிரியப் பணியிலுள்ள சகோதர சகோதரிகள் செயலாளரிடம் பெயர் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.