முகப்பருவும் குருதிச் சீனியும்

திருகோணமலைத் துறைமுகத்தினுட் புகும் கப்பல்களுட் பல கோதுமையைச் சுமந்து வருவன. இலங்கை மண்ணிற் கோதுமை விளைவதில்லை. கடல் கடந்து வரும் அத்தானியம், சீனக்குடாவில் 1980ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய பிறிமா ஆலையில் மாவாகித் தீவெங்கும் செல்கின்றது. காலையிற் பாண், மாலையிற் பணிஸ், இரவிற் கொத்துரொட்டி என அதே மா மூன்று வேடங்களில் வீட்டுக்குள் வருகின்றது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. அப்பஞ்சத்தை ஈடுசெய்யப் பங்கீட்டிற் புகுந்த கோதுமை மா, போர் முடிந்த பின்னரும் திரும்பிச் செல்லவில்லை.

துறைமுகத்துக் கப்பலுக்கும் பள்ளி மாணவியொருத்தியின் கன்னத்தில் எழும் பருவுக்கும் உறவுண்டென்று எவரேனும் கூறின், கேட்போர் நகைப்பர். ஆயினும் அவ்வுறவு முற்றிலும் கற்பனையன்று.

பருவுக்குக் காரணம் உணவே என்று பாட்டிமார் சொல்லிவந்தனர். மாம்பழச் சூடு என்பர். எண்ணெய்ப் பலகாரம் என்பர். மருத்துவ நூல்களோ நெடுங்காலம் இதனை மறுத்தன. அம்மறுப்புக்குப் பெரிதும் துணைநின்றது 1969இல் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு சோதனையாகும். பருவுடைய 65 பேருக்குச் சொக்கலேற்றும், சொக்கலேற் போன்ற வேறொரு பண்டமும் மாறிமாறிக் கொடுக்கப்பட்டன. இரண்டாலும் பரு ஒரே அளவாகவே இருந்தது. ஆனால் அந்த மாற்றுப் பண்டத்திலும் சீனியும் கொழுப்பும் ஏறத்தாழ அதே அளவில் இருந்தன! சீனியைச் சீனியோடு ஒப்பிட்டு, வேறுபாடு இல்லையெனத் தீர்ப்பளித்த கதை அது. எனினும் ஒரு தலைமுறை மருத்துவர் அத்தீர்ப்பை ஏற்று நடந்தனர்.

2002இல் வேறொரு செய்தி வெளியாயிற்று. பப்புவா நியூகினியைச் சேர்ந்த கிற்றாவா என்னும் சிறு தீவில் 1,200 பேரைச் சோதித்த ஆய்வாளர், அவருள் ஒருவரிடத்திலேனும் பருவைக் காணவில்லை. அவர்களுள் 300 பேர் 15 முதல் 25 வயதுக்குட்பட்டோர். பராகுவே நாட்டின் ஆச்சே பழங்குடியினர் 115 பேரிடத்தும் அவ்வாறே. கிற்றாவா மக்கள் உண்பவை கிழங்கு, பழம், மீன், தேங்காய். தேங்காயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர் இதனைக் கருதுதல் நன்று. பரம்பரையும் வாழ்க்கைமுறையும் அங்கு வேறாகலாம் என்ற ஐயம் நியாயமானதே. ஆயினும் 2007இல் வெளிவந்த மெல்பேண் ஆய்வு அவ்வையத்தை ஓரளவு குறைத்தது. பருவுடைய 43 இளைஞருள் ஒரு பகுதியினர் 12 வாரங்கள் குருதியிற் சீனியை மெதுவாக ஏற்றும் உணவை உண்டனர். அவர்களுக்குப் பரு மற்றையோரிலும் கூடுதலாகக் குறைந்தது. உடல் எடை தணிந்தது. இன்சுலினின் தொழிலும் சீர்பட்டது. தொகை சிறிது, எடை குறைந்ததே காரணமோ என்பதும் கேட்கத்தக்க வினாவே.

இது நிகழும் முறை யாது? பாணும் இனிப்புச் சோடாவும் விரைவிற் சீனியாகிக் குருதியிற் கலக்கின்றன. அதனை அடக்கச் சதையி என்னும் சுரப்பி இன்சுலினை மிகுதியாகச் சுரக்கின்றது. இன்சுலின் மிகும்போது, அதனை ஒத்த வளர்ச்சிக் காரணியொன்றின் செயலும் மிகுகின்றது. ஆண்மை ஓமோன்களைக் கட்டிவைக்கும் புரதத்தை ஈரல் குறைவாக ஆக்குகின்றது. கட்டவிழ்ந்த அவ்வோமோன்கள் தோலின் நெய்ச்சுரப்பிகளைத் தூண்டுகின்றன. நெய் பெருகித் துவாரம் அடைபட்டு, உள்ளே பற்றீரியா வளர்ந்து, தோல் சிவந்து வீங்குகின்றது. அவ்வளர்ச்சிக் காரணி பிறவியிலேயே குறைந்தோருக்குப் பரு அரிதாகவே தோன்றுகின்றது என்பது இதற்கு வலுவூட்டும் சான்று.

பருவுடையோர் அனைவரும் நீரிழிவை நோக்கிச் செல்வோர் என எவரும் அஞ்சவேண்டியதில்லை. பூப்புக் காலத்தில் இன்சுலினுக்கு உடல் சற்று இணங்காதிருத்தல் இயல்பு. பெரும்பாலோருக்குப் பரு வந்தவாறே போய்விடும். கவனிக்கவேண்டியவர் வேறொரு தொகுதியினர். இருபது வயதைக் கடந்தும் தாடையோரத்திற் பரு நீங்காத பெண். மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் தவறும் பெண். மேலுதட்டில் மயிர் அடர்ந்து, பிடரி கறுத்துத் தடித்த பெண். அக்கறுப்பை அழுக்கென எண்ணித் தாய்மார் பீர்க்கங்கூட்டால் உரசிக் கழுவுவதுண்டு. அது அழுக்கன்று, குருதியில் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளம் பெரும்பாலும் அதுவே.

இக்குறிகள் பல ஒருங்கே தோன்றும் நோயைச் சூலக நீர்க்கட்டி நோய் என்பர். தாடி முளைத்த பெண்களிடத்து நீரிழிவு இருத்தலை 1921இலேயே பிரெஞ்சு மருத்துவர் அஷார், தியர் ஆகியோர் எழுதினர். 1935இல் ஸ்ரைன், லெவெந்தால் என்னும் அமெரிக்க மருத்துவர் சூலகத்தின் மாற்றங்களை விளக்கினர். இலங்கையிற் கம்பகா மாவட்டத்தில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு, 15 முதல் 39 வயதுவரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 6.3 பேருக்கு இந்நோய் உண்டெனக் கண்டது. 2005–2006இல் நாடளாவி எடுத்த கணிப்பில், வளர்ந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

நடப்பதோ வேறு. முகத்தை மறைத்து வகுப்பின் பின்வரிசையில் அமரும் மாணவிக்கு வீட்டார் வாங்கிக் கொடுப்பது வெண்மை தரும் களிம்பு. பெயர் தெரியாத அத்தகைய களிம்புகள் சிலவற்றில் ஸ்ரெரோயிட் மருந்து கலந்திருக்கும். அதுவே புதிய பருக்களை எழுப்பும். தோலை மெலியச் செய்யும். சிலவற்றில் பாதரசம் உண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பணமும் போய், காலமும் போய், குருதியைச் சோதிக்க ஒருவரும் எண்ணாதிருப்பதே கொடுமை. தொற்றாநோய்களைக் கண்டறிய அரசு நிறுவிய நிலையங்களும் நடுவயதினரையே முதன்மையாகக் கருதி அமைந்தவை. பதினேழு வயதுப் பெண்ணை அங்கு எவர் அழைத்துச் செல்வர்?

உணவைப் பற்றிப் பேசுகையில் பாணை மட்டும் பழித்துத் தீட்டிய வெள்ளரிசியை விடுதலை செய்தல் நேர்மையாகாது. கோப்பை நிறைந்த சோறும் அதே வேலையைச் செய்யும். தவிட்டரிசிச் சோறு சிறிதாகவும், பருப்பு, கீரை, மீன் மிகுதியாகவும் அமைந்த தட்டு ஏற்றது. மூதூரிலும் கிண்ணியாவிலும் மீனுக்குக் குறைவில்லை. சோடாப் புட்டிகளில் 2016 முதல் நிறக்குறி இடப்படுகின்றது: 100 மில்லிலீற்றரிற் சீனி 11 கிராமுக்கு மேற்படின் சிவப்பு, 2 கிராமுக்குக் குறையின் பச்சை, இடைப்பட்டது மஞ்சள். கடையிற் பிள்ளைகளே அதனைப் படித்தறியலாம். பருவைக் காட்டிப் பிள்ளையைப் பட்டினி போடுவதும், அவள் தீனிதான் காரணமென ஏசுவதும் மருத்துவமன்று. மெலிந்தோருக்கும் இந்நோய் வருதலுண்டு.

மேற்கூறிய குறிகள் இரண்டேனும் சேர்ந்து காணப்படின், மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கோ செல்லலாம், கட்டணம் இல்லை. மாதவிடாய்த் தேதிகளை எழுதிக் கொண்டுபோதல் வைத்தியருக்கு உதவும். வெறுவயிற்றிற் குருதிச் சீனியைப் பார்ப்பதோடு, குளுக்கோசு குடித்து இரண்டு மணி நேரத்தின் பின்னரும் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளலாம். முதற் சோதனையில் மறைந்திருப்பது இரண்டாவதில் வெளிப்படுவதுண்டு.